நம்பர் போகாதுக்கா

என் தம்பி மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. தீராது என்றே நினைக்கிறேன். வீட்டு இண்டர்நெட்டை மாற்றியதற்காக யாராவது கூடப்பிறந்தவனோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பார்களா என்று பங்சாரில் இருக்கும் என் தோழி கேட்டுச் சிரித்தாள். நடந்ததைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை.

கிள்ளானில் எங்களுடையது வரிசை வீடு. அம்மாவும் நானும்தான் இருக்கிறோம். நான் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் தமிழ் டியூஷன் எடுக்கிறேன். அதுதான் என் பிழைப்பு. வீட்டில் இருந்தது டிஎஸ்எல், அதாவது டெலிபோன் கம்பியிலேயே வருகிற இண்டர்நெட். அப்பா இருந்தபோது இழுத்த கம்பி. மழை பெய்தால் அதற்குக் காய்ச்சல் வந்துவிடும். கிள்ளானில் சாயங்கால மழைக்கா பஞ்சம்? நான் இங்கே தொண்டை கிழிய ஒரு செய்யுளுக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருப்பேன். "டீச்சர், நீங்க அப்படியே நின்னுட்டீங்க, சத்தமே வரல" என்று ஒரு வாண்டு எழுதும். வாயைப் பிளந்தபடி நான் திரையில் உறைந்து நின்றதைப் படம் பிடித்து, தங்களுக்குள் அனுப்பிச் சிரித்திருக்கிறார்கள். சிரித்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ளவும் தொடங்கினார்கள்.

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் சமாச்சாரம் எதுவானாலும் தம்பிதான். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஓர் அலுவலகத்தில் அதுதான் அவன் வேலை. குறை சொல்லக்கூடாது, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவான். அம்மாவின் மருந்து, சமையல் கேஸ் தோம்பு, ஒழுகுகிற பைப் எல்லாம் அவன் பொறுப்பு. அப்படி வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில் மீன் குழம்புச் சட்டியை நகர்த்திவிட்டு எனக்குப் பாடம் எடுத்தான்.

"டிஎஸ்எல் உனக்குன்னு தனியா வர்ற கம்பிக்கா. யாரோடயும் பங்கு இல்ல. ஆனா எக்ஸ்சேஞ்ச் தூரம். வர வர தெம்பு கொறைஞ்சிடும். அதுலயும் உள்ள வர்றதுதான் வேகம், இங்கேருந்து வெளிய போறது நத்தை மாதிரி. நீ பாடம் நடத்துறது வெளிய போற சமாச்சாரம். அதான் மாட்டிக்கிற."

"கேபிள்?"

"கேபிள் இந்த வரிசைக்கே பொதுவா வரும். சாயங்காலம் எல்லாரும் படம் பார்க்க உட்கார்ந்தா கொஞ்சம் இழுக்கும். ஆனா இதோட ஒப்பிட்டா சொர்க்கம்லா."

எனக்குப் புரிந்தது. புரியாவிட்டாலும் தலையாட்டியிருப்பேன். அவன் சொன்னால் சரிதான் என்று இருந்த காலம் அது. நான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"வீட்டு நம்பர் போயிடுமாடா?"

"போகாதுக்கா. அதே நம்பர புதுப் பாக்ஸ்ல போட்டுக்கலாம்."

அந்த நம்பருக்கு என்ன அவ்வளவு மவுசு என்று கேட்கலாம். எல்லாரும் கைப்பேசியில் பேசுகிற காலத்தில், அந்த வீட்டு டெலிபோன் ஆண்டு முழுவதும் தூசிதான் சேர்த்தது. தீபாவளிக் காலையில் மட்டும் அது ஒரு முறை மணியடிக்கும். என் அண்ணன் கூப்பிடுவார்.

அண்ணன் ஒரு மலாய்க்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். அதற்காக மதம் மாறினார், பெயரும் மாறியது. அப்பா கூடத்தில் நின்று, "அவன் இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது. இந்த வீட்டுலேருந்து எவரும் அவன கூப்பிடவும் கூடாது" என்றார். அவன் கூப்பிடக் கூடாது என்று அப்பா சொல்லவில்லை. அந்தச் சின்ன இடைவெளியைப் பிடித்துக்கொண்டவர் அம்மா. அடுத்த தீபாவளியன்று, அப்பா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் அண்ணன் கூப்பிட்டார். அம்மா பேசினார். அதன் பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் அதே நேரம்தான். அம்மா எண்ணெய்த் தலையோடு, டெலிபோன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். ரிசீவரை எங்கள் யாரிடமும் தரமாட்டார்.

அண்ணனின் நம்பரை அம்மா ஒரு முறை கூடக் கேட்டதில்லை. தெரிந்தால் கூப்பிடத் தோன்றும், கூப்பிட்டால் அப்பாவின் சொல்லை மீறியதாகும் என்பது அவருடைய நியாயம். அப்பா இறந்தபோது சொல்லியனுப்ப எங்களிடம் எதுவும் இல்லை. அடுத்த தீபாவளிக்குக் கூப்பிட்டபோதுதான் அண்ணனுக்கே தெரிந்தது. அன்று அவர் அழுத சத்தம் எனக்கும் கேட்டது. அப்போதாவது நம்பரைக் கேளுங்கள் என்று அம்மாவிடம் மன்றாடினேன். "அவரு செத்துட்டா அவரு பேச்சும் செத்துடுமா?" என்றார். நான் முகநூலில் தேடிப் பார்த்தேன். புதுப் பெயர் தெரியாமல் எதைத் தேடுவது? கிழக்குக் கரையில் எங்கேயோ இருக்கிறார், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தீபாவளிக்கும் அம்மா அண்ணனுக்கும் ஒரு சட்டை எடுப்பார். ஓரத்தில் மஞ்சள் தடவி, அலமாரியில் வைப்பார்.

இதெல்லாம் தம்பிக்குத் தெரியாதா? என்னைவிட நன்றாகத் தெரியும்.

கேபிள் வந்தது. அது போடப்பட்ட அன்று நான் ஒரு வேலையாக வெளியே போயிருந்தேன். தம்பிதான் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, கூட நின்று பார்த்துக்கொண்டான். வீடு திரும்பியதும் ரிசீவரை எடுத்துப் பார்த்தேன். ஊம் என்று சத்தம் வந்தது. நிம்மதியாக வைத்துவிட்டேன். டியூஷன் கண்ணாடி போலத் தெளிவாக ஓடியது, போன பிள்ளைகளில் சிலர் திரும்பி வந்தார்கள். தம்பியை வாயாரப் புகழ்ந்தேன். அவனுக்குப் பிடிக்குமென்று நண்டு வாங்கி வந்து சமைத்துப் போட்டேன். அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தத் தீபாவளிக்கு மணி அடிக்கவில்லை. அம்மாவின் தலையில் எண்ணெய் காய்ந்தது. வெந்நீரை இரண்டாம் முறை சுட வைத்தேன். மத்தியானம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, "மறந்துட்டான்" என்று எழுந்தார். பலகாரத்தைத் தொடவில்லை. சாயங்காலம் விருந்தாளிகள் வந்தபோது சிரித்தார், பேசினார். அவர்கள் போன பிறகு, "பெத்தவள மறக்குறதுக்கு அவனுக்கு இத்தன வருஷம் ஆயிருக்கு" என்றார். அண்ணன் மேல் எனக்கும் கோபம் வந்தது. யார் மேல் வரவேண்டிய கோபம் யார் மேல் வந்தது பாருங்கள்.

கொஞ்ச நாள் கழித்து நான் பாசாரில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு வந்த ஞாபகம் வந்தது. அம்மா கைப்பேசியை எடுக்கவில்லை. வீட்டு நம்பரை அழுத்தினேன். ஒரு சீனர் எடுத்து, டயர் கடை என்றார். தவறாக அழுத்திவிட்டேன் என்று மறுபடி அழுத்தினேன். மறுபடியும் டயர் கடை.

இது எங்கள் வீட்டு நம்பர் என்று மலாயில் சொன்னேன். பாவம், அவர் கோபப்படவில்லை. கடைக்குப் புது லைன் கேட்டபோது கொடுத்த நம்பர் இது என்றார். பிறகு அவராகவே, உங்கள் பெருநாளன்று காலையில் ஒருத்தர் கூப்பிட்டார் என்றார். எடுத்ததும், "அம்மா" என்றாராம். இவர், "சாலா நம்பர்", தப்பான நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டார். மறுபடி மணி அடித்திருக்கிறது. மறுபடியும் அதையே சொல்லியிருக்கிறார். இரண்டாவது முறை அந்த ஆள் மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்தாராம்.

மறுநாளே கொமுட்டர் ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸ் போனேன். தம்பியின் அலுவலகத்துக்குக் கீழே உள்ள வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு அவனை வரச்சொன்னேன். முதலில், "கம்பெனிக்காரன் பண்ண கோளாறுக்கா" என்றான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதிலிருந்தே அதை அவன் தாங்கமாட்டான்.

"கேபிள் போட வந்தவன் கேட்டான். பழைய நம்பர் வேணுமா, வேணும்னா புதுப் பாக்ஸ்ல போட்டுத் தர்றேன்னான். நாந்தான் வேணாம், புது நம்பரே போதும்னுட்டேன்."

"ஏன்டா?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "வாரா வாரம் நான் வர்றேன்கா. மருந்து நான் வாங்குறேன், ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிட்டுப் போறேன். எனக்காக அம்மா ஒரு நாளாவது வாசலப் பார்த்து உட்கார்ந்திருக்காங்களா? வருஷத்துக்கு ஒரு தடவ ஹலோ சொல்றவனுக்கு ஸ்டூல் போட்டுல்ல உட்கார்றாங்க. நாலஞ்சு தீபாவளி போனா பழகிடும்னு நெனச்சேன்."

அவன் சொன்னதில் நியாயம் கொஞ்சமும் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் என்னிடம் சண்டை போட்டிருக்கலாம், அம்மாவிடம் அழுதிருக்கலாம். அதை விட்டுவிட்டு, என் டியூஷன் கஷ்டத்தைச் சாக்காக வைத்து, எனக்கு உதவி செய்வதுபோல வந்து, என் வீட்டுக்குள்ளேயே நின்று அறுத்துவிட்டுப் போயிருக்கிறான். ஊராள் ஒருவன் செய்திருந்தால் ஏமாந்தேன் என்று விட்டிருப்பேன். இவன் நான் சோறூட்டி வளர்த்தவன். இலையை மூடாமலே எழுந்து வந்துவிட்டேன்.

பழைய நம்பரை மீட்க முடியுமா என்று டெலிபோன் கம்பெனிக்கு அலைந்து பார்த்தேன். முடியாது, நம்பர் இப்போது இன்னொருவருடையது என்று கைவிரித்தார்கள். அம்மாவிடம், கம்பெனியின் தவறால் நம்பர் மாறிவிட்டது, அண்ணன் கூப்பிட்டுத்தான் இருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். ஒரு பிள்ளையைத் தொலைத்தவரிடமிருந்து இன்னொருவனையும் பறிக்க எனக்கு மனம் வரவில்லை. அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"கேபிள் போட்டப்ப கூட நின்னது தம்பிதானே?" என்றார்.

"ஆமாம்மா."

தலையை ஒரு முறை ஆட்டிவிட்டு எழுந்து போனார்.

நான் டயர் கடைக்கு நேரில் போனேன். அந்தச் சீன அங்கிள் எங்கள் புது நம்பரை மார்க்கர் பேனாவால் டெலிபோனுக்கு மேலே சுவரிலேயே பெரிதாக எழுதிக்கொண்டார். கடை மாடியில்தான் குடியிருப்பதாகவும், அடுத்த தீபாவளிக்குச் சீக்கிரமே இறங்கி வந்து காத்திருப்பதாகவும் சொன்னார். என் சொந்தத் தம்பிக்கு வராத அக்கறை. பழைய நம்பருக்குக் கூப்பிட்டால் அண்ணனுக்கு நம் புது நம்பர் கிடைத்துவிடும் என்று அம்மாவிடம் சொன்னேன்.

இந்தத் தீபாவளி வந்தது. கல்யாணமாகிப் பிள்ளைகள் இருந்தாலும், தீபாவளிக் காலையில் தம்பி மட்டும் முன்னதாக வந்துவிடுவான். அவன் தலையில் அம்மா எண்ணெய் வைப்பது அதுவரை நிற்காத வழக்கம். வந்து மணையில் உட்கார்ந்தான். அம்மா தன் தலையில் எண்ணெய் வழிய ஸ்டூலில் இருந்தார். நான் அடுப்பங்கரை வாசலில் நின்றேன்.

மணி அடித்தது. அம்மா பாய்ந்து எடுத்தார். "ஐயா!" என்றார். பிறகு முகம் அப்படியே விழுந்தது. "யாரோ சீனரு" என்று ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

டயர் கடை அங்கிள்தான். இருட்டு விலகும் முன்பே இறங்கி வந்து டெலிபோன் பக்கத்திலேயே இருந்ததாகவும், இந்த ஆண்டு அந்த ஆள் கூப்பிடவில்லை என்றும் சொன்னார். நீங்கள் காத்துக்கொண்டிருப்பீர்கள் என்றுதான் சொல்லக் கூப்பிட்டேன் என்றார். கடைசியில் ஹேப்பி தீபாவளி என்றார்.

அம்மாவிடம் அதை அப்படியே சொன்னேன். அவர் எழுந்து உள்ளே போனார். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. அண்ணனுக்கென்று எடுத்திருந்த சட்டையோடு திரும்பி வந்து, அதைத் தம்பியின் மடியில் வைத்தார்.

"இந்தாய்யா. இதையும் நீயே போட்டுக்க. இதுக்குத்தானே இவ்வளவும் செஞ்ச."

தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அம்மா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எண்ணெய்க் கிண்ணம் மணைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அன்று அவர் அவன் தலையில் எண்ணெய் வைக்கவில்லை.