மஞ்சள் துணியில் முடிந்த டச்சுக்காசு

சுடலைமணியை நல்ல சேகரிப்பாளர் என்று சொல்ல முடியாது. பழைய காசுகளைப் பல வருஷமாகச் சேர்த்தவர்தான். ஆனால் கையில் இருக்கும் காசைத் தானே உற்றுப் பார்க்கும் பழக்கம் அவருக்கு வரவே இல்லை. காசுகளைப் பற்றி அவர் அறிந்ததெல்லாம் அபிலாஷ் சொல்லி அறிந்தது.

அபிலாஷின் கடை கொச்சி மட்டாஞ்சேரியில், சுற்றுலாக்காரர்கள் நடக்கும் தெருவிலிருந்து ஒரு சந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பித்தளை விளக்கு, ஓடாத கடிகாரம், கப்பல் திசைகாட்டி என்று கால் வைக்க இடமில்லாத கடை. கண்ணாடி மேசைக்குள் காசுகள் கிடக்கும். சுடலைமணிக்குக் கொச்சங்காடியில் ஒரு மிளகுக் கிடங்கில் வேலை. லாரியில் வந்திறங்கும் சாக்குகளில் கூரான இரும்புக் குழாயைச் செருகி, நடுச்சாக்கிலிருந்து மிளகை உருவி முதலாளிக்குக் காட்டுவது அவர் பொறுப்பு. மேலே முற்றிய மிளகும் உள்ளே பொக்கான சண்டுமாக அனுப்புகிறவர்கள் உண்டு. சாக்கின் வாயில் தெரிவதை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. வேலை முடிந்து, சட்டையெல்லாம் மிளகு நெடியோடு அபிலாஷின் கடையில் போய் உட்கார்ந்தால் மட்டும் அந்தப் புத்தி அவரை விட்டுப் போய்விடும்.

கிடங்கில் அவரோடு யாரும் பேசுவதில்லை, ஏவுவார்கள். இங்கே அவருக்கு ஸ்டூல் போட்டார்கள். சாயா வந்தது. அபிலாஷ் தெருப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துவான்.

"அண்ணாச்சி, இத நான் எல்லாருக்கும் காட்டறதில்ல கேட்டோ. ஒரு பழைய தறவாட்டுல இருந்து வந்தது. வீட்டுப் பேரு மட்டும் கேக்கக் கூடாது, அவங்களுக்கு நாணக்கேடு."

"விலை ஜாஸ்தியா இருக்குமே."

"விலை விடுங்க. பம்பாயில இருந்து ஒரு பார்ட்டி ஞாயிறாழ்ச்ச வருது. வந்தா தூத்து வாரிக் கொண்டு போயிடும். அது வர்றதுக்கு முன்னாடி நம்ம ஆள் கையில இருக்கட்டும்னு பாத்தேன். ஒரு காரியம், வீட்டுல சேச்சிக்குக் காட்ட வேண்டா. கண்ணு பட்டா போச்சு."

அந்தப் பம்பாய்க்காரர் எந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்ததில்லை. சுடலைமணி அதைக் கவனிக்காமல் இல்லை, கேட்கவில்லை. இதைப் பொய் என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் பொய்யால் ஏமாற, உண்மையைத் தேடி வந்திருக்க வேண்டும். அவர் அதைத் தேடி அங்கே போகவில்லை. தன்னை ஒருவன் 'நம்ம ஆள்' என்று சொல்வதைக் கேட்கப் போனார். காசு அதன் கூடவே வந்தது.

மனைவி பேச்சிக்கு ஒரு ஹோட்டலில் காய்கறி நறுக்கும் வேலை. அவர் காசை ஒளித்து எடுத்து வந்தாலும் அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

"இன்னிக்கு என்ன சொன்னான் உங்க அபிலாஷ்? ராஜா தொட்ட காசா, ராணி தொட்ட காசா?"

"உனக்கு இதெல்லாம் புரியாது."

"தொட்டவங்க எல்லாம் போய்ச் சேந்துட்டாங்க. இப்ப நீங்க தொட்டுக்கிட்டு உக்காந்திருக்கீங்க. நல்லாத்தான் இருக்கு."

சென்ற மழைக்காலத்தில் அவர்களுடைய ஒரே மகள் அம்பிளிக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. பிளஸ் டூ படிக்கும் பெண். ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் எண்ணிக்கை நாளுக்கு நாள் இறங்கியது. பேச்சி ஆஸ்பத்திரியிலிருந்து ஓட்டமாக வீட்டுக்கு வந்தாள். ஒரு துண்டு வெள்ளைத் துணியை மஞ்சள் கரைத்த தண்ணீரில் நனைத்தாள். நோய் தீர வேண்டி ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து வைப்பதும், தீர்ந்தபின் அதைக் கோயிலில் சேர்ப்பதும் அவர்கள் வழக்கம்.

முடிவதற்கு வீட்டில் காசு இல்லை. மீன்காரி முதல் ஆட்டோக்காரர் வரை எல்லோருக்கும் போனில் பணம் அனுப்பிப் பழகிய வீடு. சமையலறை டப்பாக்களைக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒற்றை ரூபாய் கிடைக்கவில்லை. இருந்த காசெல்லாம் கட்டிலுக்கடியில், சுடலைமணியின் பிஸ்கட் டின்னில் இருந்தன.

"ஏதாவது ஒண்ணு குடுங்க, சட்டுனு."

"நீயே எடுத்துக்கோ, எது வேணும்னாலும் எடுத்துக்கோ."

கண்ணை மூடிக்கொண்டு அவள் எடுத்தது ஒரு கறுத்த செம்புக்காசு. டச்சுக் கம்பெனி அடித்தது. ஒரு பக்கம் மூன்று எழுத்துகள் பின்னிக் கிடக்கும், மறுபக்கம் கேடயமும் சிங்கமும். அந்த நேரத்தில் சுடலைமணி காசைப் பார்க்கவில்லை. அப்போது பார்க்காததைக் குற்றம் சொல்ல முடியாது.

காய்ச்சல் இறங்கியது. மேடம் என்கிற சித்திரை மாதத்தில், அவர்கள் குடியிருக்கும் தமிழர் காலனியின் மாரியம்மன் கோயில் திருவிழாவன்று உண்டியலில் போடுவதாக வேண்டுதல். அதுவரை மஞ்சள் முடிச்சு சாமி படத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் தொங்கியது. முடிந்த காசு அம்மனுடையது. வீட்டில் உள்ளவர்கள் அதை அவிழ்க்கக் கூடாது, வேறு காசு மாற்றவும் கூடாது. சிறுபிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது.

தை மாதத்தில் ஒருநாள் காலை, கிடங்குக்குப் போகும் வழியில் கடைக்குள் நுழைந்தவருக்கு அபிலாஷ் ஒரு சின்னஞ்சிறு வெள்ளிக்காசை உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். கொச்சி ராஜ்யத்தில் ஓடிய 'புத்தன்' என்ற காசு. ஒரு முகத்தில் சங்கு. சுடலைமணி ரொம்ப நாளாக ஆசைப்பட்ட காசு.

"மியூசியத்துக்காரங்க ரெண்டு தடவ வந்து கேட்டாங்க. குடுக்கல. பணம் வேண்டா அண்ணாச்சி, மாற்று போதும். உங்ககிட்ட டச்சுக்காசு ஒண்ணு இருந்துதில்லே?"

"அது இப்ப கையில இல்ல."

"வித்தாச்சா?"

"இல்ல. வேற இடத்துல இருக்கு."

"சாதாரணக் காசுதான் அது. கொச்சியில கால் தட்டினா டச்சுக்காசு. ஒரு வெள்ளைக்கார சாயிப்புக்கு ஆறு காசு பதிச்ச பெட்டி செஞ்சு குடுக்கணும், ஒண்ணு குறையுது. அதுக்குத்தான். நாளைக்குன்னா வேண்டா, பம்பாய் பார்ட்டி இன்னிக்கு ராத்திரி போன்ல விளிக்கும்."

காலில் தட்டுப்படும் காசுக்கு ஒருவன் ஏன் வெள்ளிக்காசு தருகிறான் என்று, மிளகுச் சாக்காக இருந்திருந்தால் அவர் கேட்டிருப்பார்.

அன்று மத்தியானம் பேச்சி ஹோட்டலிலும் அம்பிளி பள்ளியிலும் இருந்தார்கள். சுடலைமணி முடிச்சை அவிழ்த்தார். துணி காய்ந்து விறைத்திருந்தது. காசின் எழுத்து இடுக்குகளில் மஞ்சள் படிந்திருந்தது. கிட்டத்தட்ட அதே அளவில் ஒரு வெள்ளைக்காரன் காலத்துக் காலணாவை உள்ளே வைத்து, மறுபடி முடிந்து ஆணியில் மாட்டினார். சாயங்காலம் டச்சுக்காசைக் கொடுத்துப் புத்தனை வாங்கி வந்தார். அம்மனுக்குச் செம்பு போய்ச் செம்பு வந்தது, அவ்வளவுதான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். அதை அபிலாஷின் குரலில் சொல்லிக்கொண்டோம் என்று அவருக்குப் படவில்லை.

திருவிழாவுக்குச் சில நாட்கள் இருக்கும்போது, பரீட்சை முடிந்து வீட்டிலிருந்த அம்பிளி டின்னைத் துழாவிக்கொண்டிருந்தாள். குளிர்பெட்டிக் கதவில் சீட்டு ஒட்டுவதற்கு ஒரு மாங்காய் பொம்மை உண்டு, உள்ளே காந்தம் வைத்தது.

"அப்பா, இங்க நோக்கு! உங்க வெள்ளிக்காசு மாங்காயில ஒட்டிப் பிடிக்குது!"

"எந்தக் காசு?"

"சங்கு உள்ளது. வெள்ளி காந்தத்துல ஒட்டாதுப்பா. அபிலாஷ் சேட்டன் உங்கள நல்லா ஏமாத்தியிருக்கு."

சிரித்தவள் அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். போலிக் காசு வந்தது அவருக்கு இதுவே முதல்முறை அல்ல. உள்ளூரத் தெரிந்தே சிலவற்றை வைத்திருந்தார். இப்போது வந்தது வேறு பயம். புத்தன் நிஜமாக இருக்கும்வரை, ஒரு நல்ல காசுக்காக இன்னொன்றை மாற்றியதாக எண்ண முடிந்தது. இனி அப்படி எண்ண முடியாது. மகளின் உயிருக்காக முடிந்ததை எடுத்து ஒரு இரும்புத் துண்டுக்குக் கொடுத்திருக்கிறார். திருவிழாவுக்குள் அந்தக் காசு, அதே காசு, திரும்ப அந்தத் துணிக்குள் இருந்தாக வேண்டும்.

அபிலாஷ் பதறவில்லை.

"ஒட்டுதா? அது கலவை அண்ணாச்சி. அந்தக் காலத்து வெள்ளியில என்னெல்லாம் சேப்பாங்க!"

"புத்தன் கெடக்கட்டும். என் டச்சுக்காசைத் தா."

"இப்ப எதுக்கு அந்தச் செம்பு?"

"அம்பிளிக்குக் காய்ச்சல் வந்தப்போ அம்மனுக்கு முடிஞ்ச காசு அது."

அபிலாஷ் தலையில் கை வைத்துக்கொண்டான். "என்றெ அண்ணாச்சி, இத அன்னைக்கே சொல்ல வேண்டாமா?" என்று உள்ளே போனான். பெட்டிகளைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது அவன் விரல்களுக்கிடையில் ஒரு செம்புக்காசு புதிதுபோல் மின்னியது.

"இதுதான். உங்களோடதுதான்."

"சாயிப்புக்குப் பெட்டியில பதிச்சுக் குடுக்கணும்னு சொன்னியே?"

"அதுக்கு வேற வச்சேன். இது அபூர்வமுள்ளது அண்ணாச்சி, குடுக்க மனசு வரல."

"கறுப்பா இருந்துது."

"புளி போட்டுக் கழுவினேன்."

"மஞ்சள் இருந்துது, எழுத்துக்குள்ள."

"அதானே கழுவினேன்னு பறஞ்சது."

அவன் வாங்கும்போது சாதாரணமாக இருந்த காசு, திருப்பித் தரும்போது அபூர்வமாகிவிட்டது. சுடலைமணி அதைப் பொருட்படுத்தவில்லை. கண்ணாடி மேசைக்குள் இன்னும் சில டச்சுக்காசுகள் அதே மினுக்கத்தோடு கிடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்ததைப் புரட்டினார். தன் காசில் என்ன வருஷம் இருந்தது? விளிம்பில் வெட்டு ஏதாவது உண்டா? சிங்கத்தின் தலை தேய்ந்திருந்ததா? எதுவும் நினைவில் இல்லை. இடக்கொச்சிக் காயலில் மண் அள்ளியபோது அது கிடைத்தது, உடைந்த கப்பலிலிருந்து வந்தது என்று விற்கும்போது அபிலாஷ் சொன்ன கதை முழுவதும் நினைவிருந்தது. கதையை எத்தனையோ முறை எடுத்துப் பார்த்திருக்கிறார். காசை ஒருமுறையும் பார்த்ததில்லை. அவரை இந்த இடத்தில் யாரும் ஏமாற்றவில்லை. அதனால் கோபப்படவும் ஆள் இல்லை.

"எவ்வளவு தரணும்?"

"ஒண்ணும் வேண்டா. அம்மன் காரியமில்லே."

அது இரக்கமா, இன்னொரு வியாபாரப் பேச்சா? இரக்கமாகவே இருந்தாலும், இரங்குகிறவன் வேறொரு காசை எடுத்துக் கொடுத்திருக்கலாம். கேட்டால் 'நான் அண்ணாச்சிகிட்ட கள்ளம் பறயுமோ' என்பான். சுடலைமணி கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து காலணாவை எடுத்துவிட்டு அதை முடிந்தார்.

திருவிழா அன்று காலை பேச்சி குளித்து, ஆணியிலிருந்து முடிச்சை எடுத்தவள் அப்படியே நின்றாள்.

"இது நான் போட்ட முடிச்சு இல்லையே."

"எலி இழுத்துப் போட்டிருந்துது. நான்தான் திரும்ப முடிஞ்சு வச்சேன்."

"எலிக்கு எதுக்காம் மஞ்சத்துணி? அதுக்கும் வேண்டுதலா?" என்றாள். பிறகு துணிக்கு மேலாகத் தடவிப் பார்த்து, "காசு உள்ள இருக்குல்ல?"

"இருக்கு."

எந்தக் காசு என்று அவள் கேட்கவில்லை. அப்படி ஒரு கேள்வி இருக்கக்கூடும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று சுடலைமணி பிறகு நினைத்துக்கொண்டதுண்டு. அது நிஜமா என்று அவருக்கே தெரியாது.

கோயிலில் செண்டை ஒரு பக்கம், நாதஸ்வரம் ஒரு பக்கம். பேச்சி முடிச்சை அம்பிளியின் நெற்றியில் ஒற்றி எடுத்தாள். அம்பிளி கூச்சத்தோடு சுற்றும் பார்த்தாள். உண்டியலுக்கு முன்னால் வந்ததும் பேச்சி முடிச்சை அவர் கையில் வைத்தாள்.

"நீங்களே போடுங்க. உங்க டின்னுல இருந்து எடுத்ததுதானே."

அவர் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் வரிசை நெருக்கியது. "அண்ணா, ஒண்ணு வேகம்!" என்று யாரோ சொன்னார்கள். போட்டார். ரூபாய்த் தாள்களின் மேல் விழுந்ததாலோ என்னவோ, சத்தமே கேட்கவில்லை.

காய்ச்சலுக்குப் பிறகு பேச்சி தினமும் காலையில், தூங்கும் மகளின் நெற்றியில் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பாள். திருவிழாவுக்கு மறுநாள் அதை விட்டுவிட்டாள். வேண்டுதல் தீர்ந்தது, இனி அம்மன் பார்த்துக்கொள்வாள் என்ற நிம்மதி. இப்போது கிடங்குக்குப் புறப்படும் முன் சுடலைமணி வைத்துப் பார்க்கிறார். கையில் மிளகு வாடை இருப்பதால் அம்பிளி முகத்தைச் சுளித்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா. போங்க."

அவர் உடனே போவதில்லை. மறுபடி ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்.