ஆட்டு முடித் தூண்டில்

என்னைப்போல் ஒரு முட்டாளை ஆம்பூர் கண்டிருக்காது. எங்கள் தோல் பதனிடும் ஷாப்பின் வெள்ளைக்காரத் துரை, தூண்டில் முள்ளில் இறகைப் பூச்சிபோல் கட்டிக் கடலில் மீன் பிடிப்பார். இறகுக்கு எங்கே போவது? சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய ஆட்டு முடியைக் கட்டிக்கொண்டு, ஐப்பசி விடுமுறையில் நானும் கடற்கரைக்குப் போனேன். மனைவி இறந்தபின் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

கரையிலிருந்து வீசி வீசிக் கை ஓய்ந்தது. கடைசியில் சிக்கியது என் தலைப்பாகைதான். வலை உலர்த்திய மீனவர் ஒருவர் முள்ளை விடுவித்து, முடியை முகர்ந்தார்.

"இன்னாய்யா, சுண்ணாம்பு நாத்தம்! மீனெல்லாம் சிலோனுக்கே ஓடியிருக்கும்."

வாய்விட்டுச் சிரித்தேன். நான் சிரித்தே பல மாதமாகியிருந்தது. அவர் வலையைச் சுருட்டிப் புறப்பட்டதும், மறுபடி தனியாகிவிடுவேனோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

"அண்ணே, நாளைக்கும் வருவீங்களா?"

அவர் திரும்பாமலே சொன்னார்:

"இப்பவே வூட்டுக்கு வா, கொழம்பு ஆறிடும்."