ஜீனா பிந்திப் பாடியது

நெதர்லாந்து தேசத்தில் பதினேழு பேர் கொண்ட பேண்டோடு தங்கச்சி பாடப் போகிறாள் என்று கிருபா சொன்னதும், தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்க வந்திருந்த பாண்டிச்செல்வி கேட்ட முதல் கேள்வி, "அங்கன யாருக்குட்டி கல்யாணம்?" என்பதுதான்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. கோவில்பட்டியில் பேண்டு என்றால் பேண்டு செட்டுதான். சிவப்புக் கோட்டுப் போட்ட எட்டுப் பேர் மாப்பிள்ளை அழைப்புக்கு முன்னால் ஊதிக்கொண்டும் அடித்துக்கொண்டும் போவார்கள். வயதானவர்கள் இறந்தாலும் அதே கோட்டோடு வருவார்கள். அவர்களோடு சேர்ந்து யாரும் பாடுவதில்லை. பாடினாலும் கேட்காது.

"கல்யாணம் இல்லக்கா. ரூமுக்குள்ள உக்காந்து வாசிப்பாக, இவ பாடுவா. அத ரெக்கார்டு பண்ணி ஆல்பமாப் போடுவாக," என்றாள் கிருபா.

"ரூமுக்குள்ளயா? பதினேழு பேரு ஊதினா காது என்னத்துக்கு ஆகும்?"

"அவியளுக்கு அது பழக்கம்."

"நம்ம செட்டயே கூட்டிட்டுப் போயிருக்கலாம்லா. எட்டுப் பேருல முடிச்சிருவாக."

பசுவந்தனை ரோட்டில் இருந்த அந்தத் தையல் கடையில், வெட்டுப்பலகையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஜீனா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். குளிருக்கென்று அக்கா தைத்த கோட்டுக்கு அன்று மூன்றாவது முறையாக அளவு பார்க்க வந்திருந்தாள். கிருபா பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் அவள் டேப்பில் கால் அங்குலம் தப்பி யாரும் பார்த்ததில்லை. தங்கச்சி எந்தத் தேதியில் எத்தனை மணிக்குப் போன் செய்தாள், என்ன சாப்பிட்டதாகச் சொன்னாள் என்பது வரைக்கும் அளவு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி வைத்திருப்பவள்.

ஜீனா அக்காவுக்கு ஏழு வயது இளையவள். அப்பா இஸ்ரவேல் மணியாச்சி ரயில்வே ஜங்ஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா அன்னபாக்கியம். குடும்பத்தில் பாட்டு என்றால் அது கிருபாதான் என்று வெகுகாலம் எல்லோரும் நம்பினார்கள். சர்ச் பாடகர் குழுவில் அவள் முதல் வரிசையில் நின்றாள். ஜீனாவுக்குப் பன்னிரண்டு வயதானபோது அவளையும் சேர்த்துவிட்டார்கள். அவள் நான்கு மாதம் இருந்தாள்.

குரலில் குறையில்லை. சுருதியும் விலகாது. ஆனால் எதையும் பிந்திப் பாடினாள். எல்லோரும் ஒரு சொல்லைத் தொடங்கி, அதில் பாதி போன பிறகுதான் அவள் வந்து சேருவாள். குழுவை நடத்திய மணிராஜ் சார் ஹார்மோனியத்தின் மரத்தில் குச்சியால் தட்டித் தட்டிப் பார்த்தார். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் ஆராதனையில், சபை முழுவதும் ஆமென் பாடி உட்கார்ந்த பிறகு ஜீனாவின் ஆமென் தனியாக வந்தது.

"ஏட்டி, ஆண்டவர் கேட்டு முடிச்சு எந்திரிச்சுப் போயிட்டாரு. நீ இப்பத்தான் ஆமென் சொல்லுத," என்றார் சார். சபையே சிரித்தது. அடுத்த வாரம் முதல் ஜீனாவுக்குப் பாட்டுப் புத்தகம் விநியோகிக்கும் வேலை. அதே வாரம் கிருபாவுக்குத் தொண்டை கட்டியது. மூன்று வருஷம் கட்டியே இருந்தது. சார் எத்தனை முறை ஆள் அனுப்பிக் கேட்டும் அது சரியாகவில்லை.

ஜீனா பாளையங்கோட்டையில் பி.காம். முடித்துச் சென்னையில் ஒரு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே ஒரு பெரிய ஹோட்டலில் சாயங்காலம் சூப் குடிப்பவர்களுக்காக ஆங்கிலப் பாட்டுப் பாடும் பெண் திடீரென்று நின்றுவிட, தெரிந்தவர் ஒருவர் ஜீனாவைக் கொண்டுபோய் நிறுத்தினார். முதல் பாட்டு முடிந்ததும் பியானோ வாசித்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"நீங்க லேட்டா வர்றீங்க," என்றார்.

ஜீனா புத்தகம் விநியோகிக்கத் தயாரானாள்.

"அப்படியே வாங்க. மாத்திடாதீங்க," என்றார் அவர்.

அவர்தான் அவளுக்கு ஜாஸ் என்றால் என்னவென்று சொன்னார். தாளம் அதன்பாட்டுக்கு முன்னால் போகும். குரல் அவசரப்படாமல் பின்னால் நடந்து வரும். எங்கே தவறிவிடுமோ என்று கேட்பவனுக்கு ஒரு பதைப்பு இருக்க வேண்டும், ஆனால் தவறக் கூடாது. இதைச் சொல்லிக்கொடுக்க வெளிநாடுகளில் கல்லூரியே இருக்கிறதாம். கோவில்பட்டியில் எதற்காக நீக்கினார்களோ அதற்கு இன்னொரு ஊரில் பட்டம் கொடுக்கிறார்கள் என்பதைக் கேட்டு, ஜீனா அன்று ராத்திரி பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே விடுதிக்குப் போனாள்.

ஒன்பது வருஷம் சூப் குடிப்பவர்களுக்குப் பாடினாள். 2023 ஜனவரியில் ஆம்ஸ்டர்டாம் விமானம் நாலரை மணி நேரம் தாமதமானதால், ஹென்ட்ரிக் என்ற வெள்ளைக்காரர் அந்த ஹோட்டலில் வந்து உட்கார்ந்து தோசை சாப்பிட்டார். பதினேழு பேர் பேண்டை நடத்துகிறவர். தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தார். விமானம் நேரத்துக்குப் போயிருந்தால் இந்தக் கதையில் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

நவம்பர் 13, திங்கட்கிழமை முதல் 17, வெள்ளிக்கிழமை வரை ஐந்து நாள், உத்ரெக்ட் நகரத்தில் பதிவு. எட்டுப் பாட்டு. அதில் ஏழு ஆங்கிலம். வியாழக்கிழமைக்குள் ஏழும் முடிந்துவிட்டன. எட்டாவது ஜீனாவே எழுதி மெட்டுப் போட்ட தமிழ்ப் பாட்டு. மணியாச்சியில் வேலை முடிந்து அப்பா வரும் பாசஞ்சர் வண்டிக்காக, சோற்றை மூடி வைத்துவிட்டுக் காத்திருக்கும் ஒரு வீட்டைப் பற்றியது. 'வண்டி இன்னும் வரல' என்று தொடங்கும். அந்த ஆல்பத்தில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் புரியக்கூடியது அது ஒன்றுதான். முன்பு அவள் போனில் பதிவு செய்து அனுப்பிய மாதிரியைக் கேட்டுத்தான் ஹென்ட்ரிக் மற்ற ஏழு பாட்டுகளுக்கே சம்மதித்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை அவள் அதை நான்கு முறை பாடினாள். நான்கு முறையும் ஒரு இடத்தில்கூடப் பிந்தவில்லை. தாளமும் சொல்லும் கைகோத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நடந்தன.

"எல்லாம் சரியாக இருக்கிறது," என்று ஹென்ட்ரிக் கவலையோடு சொன்னார்.

ஜீனாவுக்கும் தெரிந்தது. ஆங்கிலத்தில் பாடும்போது காதில் பேண்டு மட்டும்தான் இருந்தது. தமிழில் வாயைத் திறந்ததும் மணிராஜ் சாரும் வந்துவிட்டார். ஹார்மோனிய மரத்தில் அவர் குச்சி தட்ட, அவள் தட்டுக்குச் சரியாக வந்து நின்றாள். சென்னையில் வராத சார் இத்தனை கடல் தாண்டி எப்படி வந்தார் என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

மாலை ஐந்து மணிக்குப் பதிவு முடிந்துவிடும். மறுநாள் பேண்டு வேறு நாட்டுக்குக் கிளம்புகிறது. அதற்குள் வரவில்லையென்றால், அந்தப் பாட்டைக் குரல் இல்லாமல் வெறும் வாத்தியமாகப் போட்டுவிடலாம் என்று ஹென்ட்ரிக் மரியாதையாகச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

அங்கே பகல் பன்னிரண்டே முக்கால். கோவில்பட்டியில் ஐந்தே கால். ஜீனா அக்காவைக் கூப்பிட்டாள்.

"என்னட்டி இந்நேரம்? சாப்பிட்டியா?"

"சாப்பாட விடுக்கா. அப்பா பாட்டு வர மாட்டேங்குது."

"தொண்டையா?"

"தொண்ட நல்லாருக்கு. சரியாப் பாடுதேன். அதான் வேண்டாங்காக."

மறுமுனையில் தையல் மெஷின் நின்றது. "சரியாப் பாடினா வேண்டாங்காகளா?"

"ஆமா. பிந்தணுமாம். இங்க நின்னா பிந்த மாட்டேங்குது. மணிராஜ் சாரு காதுக்குள்ளயே நிக்காரு."

கிருபா அளவெடுப்பது போல ஒவ்வொன்றாகக் கேட்டாள். "அவியளுக்கு மொதல்ல ஒண்ணு அனுப்புனல்லா, அது பிந்துச்சா?"

"நல்லாப் பிந்துச்சு."

"அத எங்கன நின்னு பாடுன?"

"ஆஸ்டல் ரூம்லதான்."

"மியூசிக்கு?"

"பக்கத்து ரூம் பிள்ளையோட லேப்டாப்ல ஓடுச்சு. அது அவ ரூம்லயே இருந்துச்சு. கதவச் சாத்திக்கிட்டு என் போன்ல பாடினேன்."

"இப்ப மியூசிக்கு எங்க கேக்கு?"

"ஹெட்போன்ல. காதுக்குள்ளயே."

கிருபா, "ஏட்டி, நீ பாட்டுப் படிச்சதே சுவத்துலதான்," என்றாள். "நம்ம வீட்ல ஏது டேப் ரெக்கார்டரு? பக்கத்துல பாண்டிச்செல்வி அக்கா வீட்லலா இருந்துச்சு. நீ அடுப்படிச் சுவத்துல காத வச்சு நிப்ப. சொல்லு என்னன்னு காதுல விழுந்தப்பறந்தான் வாயத் தொறப்ப. அதான் ஒனக்கு எல்லாம் ஒரு எட்டு பின்னால. அஞ்சு வயசுலயே அப்படித்தான்."

"நீ எங்க நின்னு கேப்ப?"

"நானா? நான் அவுக வீட்டுக்குள்ளயே உக்காந்து கேப்பேன்."

"அப்ப என்னய ஏன் கூட்டிட்டுப் போகல?"

மெஷின் ஒரு சுற்று ஓடி நின்றது. "நீ வந்தா கூடப் பாடுவ. பாட்டக் கேக்க விட மாட்ட. எனக்கும் அப்பப் பன்னெண்டு வயசுதானட்டி," என்றாள் கிருபா. உடனே குரலை உயர்த்தி, "பழசக் கிண்டாத. அவியகிட்டச் சொல்லிட்டு வெளிய போய் நின்னு பாடு. மணி ஆகுதுல்லா?" என்றாள்.

ஜீனா சொன்னதைக் கேட்ட ஒலிப்பதிவுப் பெண்மணி, ஹென்ட்ரிக்கைத் திரும்பிப் பார்த்தார். இருபது வருஷமாக இந்த வேலையில் இருப்பவர். பாடகி அறைக்கு வெளியே போய் நிற்கிறேன் என்று சொல்லி அவர் கேட்டதில்லை. வெளியே இருந்தது ஒரு குறுகிய நடைவழி. ஒரு பக்கம் காபி மெஷின், மறுபக்கம் கக்கூஸ். ஹென்ட்ரிக் தோளைக் குலுக்கினார். காபி மெஷினின் வயரைப் பிடுங்கிவிட்டு அதன் பக்கத்தில் மைக்கை நிறுத்தினார்கள். வயர் இழுத்துச் சத்தம் சரிபார்த்து முடிப்பதற்குள் நாலு மணி தாண்டிவிட்டது. கதவைச் சாத்தினார்கள். ஜீனா ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சுவரில் காதை வைத்தாள்.

நாலு இருபதுக்கு எடுத்தது வீணானது. பாட்டின் முதல் பகுதியில் ஊத வேலையில்லாத ட்ராம்போன்காரர் ஒருவர் அதற்கு முன்னமேயே கக்கூஸுக்குள் போயிருந்தார். மூன்றாவது வரி நன்றாகப் பிந்திக்கொண்டிருந்தபோது அவர் தண்ணீரை இழுத்துவிட்டார். பதினாறு பேர் சிரித்து ஓய்வதற்கும், அவர் மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்கும் பதினைந்து நிமிஷம் போயிற்று.

நாலு நாற்பத்தொன்றுக்கு மறுபடி தொடங்கினார்கள். இனி ஒரு தடவைதான் என்று எல்லோருக்கும் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் பதினேழு பேர் வாசிப்பது, யார் வீட்டிலோ நடக்கும் விசேஷம் போல மங்கலாக வந்தது. என்ன வருகிறது என்று காது கொடுத்து வாங்கினால்தான் தெரிந்தது. குச்சி தட்ட இங்கே ஹார்மோனியம் இல்லை. சொல்லை எடுப்பதற்கு முன்னால் அவள் கேட்டாள். கேட்ட பிறகு பாடினாள். வண்டி இன்னும் வரல என்பதை, வந்துவிடும் என்று நம்பி இன்னும் கொஞ்சம் பார்ப்பவளைப் போல, தாளம் கடந்து போன பிறகு சொன்னாள். நடுவில் ஒரு இடத்தில் பேண்டு வேகம் குறைந்து அவளுக்காக நிற்பது போலிருந்தது. நிற்கவில்லை. அவளும் ஓடவில்லை. ஓரிடத்தில் இரண்டும் சேர்ந்தன, மறுபடி விலகின. கடைசி வரியில் ட்ரம்பெட்டுகள் ஓய்ந்து அமைதியான பிறகும் அவளிடம் இரண்டு சொல் மீதமிருந்தது. அவற்றையும் பாடிவிட்டுச் சுவரிலிருந்து காதை எடுத்தாள்.

கதவைத் திறந்துகொண்டு ஹென்ட்ரிக் வந்தார். பாராட்டவில்லை. "வண்டி வந்ததா, இல்லையா?" என்று கேட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. அர்த்தத்தைத் திங்கட்கிழமையே கேட்டு எழுதி வைத்திருந்தார்.

"வரும்," என்றாள் ஜீனா.

அவர் தலையசைத்துவிட்டு உள்ளே போய், போதும் என்று கைகாட்டினார். ஐந்து மணிக்கு முன்னதாகவே எல்லோரும் வாத்தியங்களைப் பெட்டிக்குள் வைக்கத் தொடங்கினார்கள். ட்ராம்போன்காரர் மட்டும் காபி மெஷின் வயரை மறுபடி செருகிவிட்டு, அவளுக்கு ஒரு கோப்பை பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

மறுநாள் காலை ஜீனா போன் செய்தபோது, அக்கா நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"சொல்லு. வந்துச்சா?"

"வந்துச்சுக்கா. நம்ம பாட்டும் ஆல்பத்துல இருக்கு."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். எல்லாரும் ஒண்ணா முடிச்சீங்களா?"

"இல்லக்கா. அவிய முடிச்சப்பறம் நான் முடிச்சேன்."

அக்காவின் பேனா நின்றது. பதினேழு பேர் முடித்துக் காத்திருக்க, தங்கச்சி மட்டும் பின்னால் வந்த விஷயத்தை நோட்டில் எப்படி எழுதுவது என்று அவள் யோசிக்கிறாள் என்பது உத்ரெக்ட் வரைக்கும் தெரிந்தது.

"சரி. இங்கன யாரும் கேட்டா, அது அந்த ஊர் வழக்கம்னு சொல்லிக்கிடுதேன்," என்றாள் கடைசியில்.

"அப்பாகிட்ட?"

"அப்பாகிட்ட என்னத்தச் சொல்ல? அவிய ரெயில்வேக்காரருட்டி. லேட்டா வந்தத ஒரு தப்பாவே நெனைக்க மாட்டாக."