யோகராசா திருப்பிக் காட்டிய மலை

இதெல்லாம் இப்படித்தான் முடியும் என்று முதலிலேயே சொன்னவன் நான். பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து தங்கச்சி போன் எடுத்து, "அண்ணே, போயிட்டான்" என்றபோது, மடுல்சீமையில் பஸ்ஸுக்குக் காத்து நின்றேன். ஆச்சரியப்படவில்லை. ஆனாலும் மூன்று பஸ் போன பிறகும் அங்கேயே நின்றிருந்தேன்.

என் தங்கச்சி மகன் யோகராசாவை உங்களுக்குத் தெரியும். மண்சரிவு வருமா என்று மண்ணைத் துளைத்து அளந்த விவரங்களை வைத்து, தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் கீழ் லயத்துக்கு மேலே நிற்கும் மலையைக் கம்ப்யூட்டரில் கண்ணாடிபோல் வரைந்தவன். ஊடே தெரிய வேண்டுமானால், தூரத்தில் இருப்பதை முதலில் வரைந்து, கிட்ட இருப்பதை அதன்மேல் பூச வேண்டுமாம். மலையைக் கொஞ்சம் திருப்பினாலும் வரிசை மாறிவிடும்; லட்சம் துண்டுகளை மறுபடி அடுக்க வேண்டும். அவனுடைய பழைய லேப்டாப் அதற்குள் மூச்சடைத்து நின்றுவிடும்.

கொழும்பு எஞ்சினியர்மாருக்கும் தோன்றாத வழியைச் சொன்னவன் நான்தான். எட்டாம் வகுப்போடு நின்றவன், ஆனால் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் முப்பது வருஷம் தராசு பிடித்தவன். "எதுக்குடா வரிசை? யார் முந்தி வந்து நிறுத்தாலும் மொத்தக் கொழுந்து ஒண்ணுதானே" என்றேன்.

"சரிதான் மாமா. கிட்ட இருக்கிறதுக்கு மட்டும் கொஞ்சம் கூட எடை போடணும்" என்றான். அடுக்குவதை விட்டான், எல்லா நிறங்களையும் எடை போட்டுக் கூட்டி, மொத்த எடையால் வகுத்தான். மலை தடங்கலில்லாமல் சுழன்றது. "அச்சொட்டா சரியில்ல மாமா, பயப்படுற அளவுக்குச் சரி" என்பான்.

கோயில் மண்டபத்தில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் காட்டினோம். லயத்தின் பதினெட்டு காம்பிரா வீடுகளுக்கும் அடியில், மண்ணுக்குள் நீலமாகத் தண்ணீர் நின்றது. கீழ் லயத்துச் செல்லம்மாக்கா தன் வீட்டைத் தானே கண்டுபிடித்து விரல் வைத்தாள். பிறகு கேட்டாள்: "தெரியுது தம்பி. எங்க போறது?"

யோகராசா மலையை இன்னொரு முறை திருப்பினான்.

அந்த மழைக்காலத்திலேயே சிறுநீரகம் இரண்டும் அவனைக் கைவிட்டன. கடைசியாகப் பார்க்கப் போனபோது, "மாமா, கீழ் லயத்து ஆளுங்க வெளிய வந்துட்டாங்களா?" என்றான். எல்லாரும் வீட்டைக் காலி பண்ணிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள் என்றேன். நிம்மதியாகக் கண்ணை மூடினான். சாவு வீட்டில் இருபது பேரிடமாவது இதைச் சொல்லியிருப்பேன்.

அவனுடைய லேப்டாப் இப்போது என்னிடம் இருக்கிறது. மழை பிடித்தால் திறந்து மலையைத் திருப்பிப் பார்க்கிறேன். கீழ் லயத்தில் இன்றும் பதினெட்டு அடுப்பும் எரிகின்றன.

அவன் கேட்டது நிஜம். என் பதிலும், அவன் நிம்மதியாகக் கண் மூடியதும் சாவு வீட்டுக்காக நான் கட்டியவை. வாய் ஓயாத எனக்கு அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. அவன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.