பாலம் வரைக்கும் போலீஸ்

தென்காசி தனி மாவட்டம் ஆன கார்த்திகையில் நான் ஐந்தாம் வகுப்பு. அப்பா வழியில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் என்பதால், மாவட்டம் பிரிந்தால் என்ன ஆகும் என்று வீட்டுக்கு விளக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. கலெக்டர் புதுசு, எஸ்.பி. புதுசு, இனிமேல் போலீஸெல்லாம் நம்ம போலீஸ் என்று சொல்லிவைத்தேன். அம்மாவின் தம்பியே போலீஸ் என்பதால் எனக்கு இதில் சந்தேகம் இல்லை.

சந்தேகம் மாமாவுக்குத்தான் இருந்தது. அவர் ஆயுதப்படை. அவருக்கென்று ஸ்டேஷன் கிடையாது. எங்கே கூட்டமோ அங்கே கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். படையில் பாதிப் பேரைப் புது மாவட்டத்துக்குக் கொடுப்பதாகப் பேச்சு. தான் எந்தப் பாதி என்று அவருக்கே தெரியவில்லை. நீங்கள் எந்த ஊர் போலீஸ் என்று கேட்டேன்.

"சம்பளம் போடுதவன் திருநெல்வேலி. விசிலடிக்கச் சொல்லுதவன் தென்காசி. நீ படிச்சவம்லா, நீயே சொல்லு மருமவனே."

அவரைக் குற்றாலத்தில் ஐயப்ப சீசன் பந்தோபஸ்துக்குப் போட்டார்கள். அருவிக்குப் போகும் சாலையில்தான் அப்பா தள்ளுவண்டியில் அவித்த கடலையும் மக்காச்சோளமும் விற்றார். அந்த வண்டி நின்றால் வீட்டில் உலை வைக்க முடியாது. மச்சினன் காவல் நிற்கிற இடமாயிற்றே என்று, அந்த வருடம் வண்டியை வழக்கத்தைவிடக் கொஞ்சம் முன்னால் தள்ளி நிறுத்தியிருந்தார்.

ஒரு சனிக்கிழமை, நானும் கூட இருந்தபோது, ஜீப் வந்தது. மறுநாள் பெரிய அதிகாரி ஒருவர் வருவதாகவும், சாலையில் ஒரு வண்டியும் கண்ணில் படக்கூடாதென்றும் உத்தரவு. பின்னாலேயே லாரி. வண்டிகளைத் தூக்கி அதில் போட்டார்கள். முறுக்கு விற்கிற அண்ணாச்சியின் வண்டிக்கு ஏற்றும்போதே சக்கரம் கழன்றது. லாரியில் ஏறிய வண்டி சீசன் முடிந்துதான் திரும்பும் என்பது எல்லாருக்கும் தெரியும். அப்பா மாமாவைத் தேடினார். மாமாவே வந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"யோவ், எடுய்யா வண்டிய. சொன்னா வெளங்காதா ஒனக்கு?"

அப்பா கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. மாமா லத்தியால் வண்டித் தகரத்தில் ஓங்கித் தட்டினார். "லாரி நெறைஞ்சுட்டு சார், நானே தள்ளிட்டுப் போயிருதேன்" என்று ஜீப் பக்கம் குரல் கொடுத்துவிட்டு, விசில் ஊதிக்கொண்டே வண்டியைத் தள்ளினார். பிடிபட்ட திருடனைப்போல அப்பா பின்னால் நடந்தார். அழுதுகொண்டே நானும் ஓடினேன்.

ஓடைப்பாலம் தாண்டியதும் மாமா வண்டியை ஓரங்கட்டினார். தொப்பியைக் கழற்றினார்.

"அத்தான், இங்கன நின்னு யாவாரத்தப் பாருங்க. பாலத்தோட அந்த ஸ்டேஷன் முடிஞ்சுட்டு. இது வேற ஸ்டேஷன், இங்கன ஆர்டர் கெடையாது."

மாமா தொப்பியை மாட்டிக்கொண்டு திரும்பிப் போனார். நான் பாலத்தின்மேல் போய் நின்று பார்த்தேன். அந்தப் பக்கமும் தார், இந்தப் பக்கமும் அதே தார். நடுவில் கோடு ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அம்மாவிடம், "ஒன் தம்பி பேசுன பேச்சக் கேட்டியா?" என்றார்.

"வண்டி தப்பிச்சுல்லா. பொறவு, அத்தனை பேருக்கு முன்னால அத்தான்னா கூப்புடுவான்?"

அப்பா பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார்.

அதிகாரி வந்துபோனதும், வண்டி தப்பிய வியாபாரிகள் பழைய இடத்துக்குத் திரும்பினார்கள். அப்பா மட்டும் பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்றார். கூட்டம் அவ்வளவு தூரம் வராது, வியாபாரம் படுத்துவிட்டது. டூட்டி முடிந்து மாமா தினமும் வருவார், பாலத்திலேயே தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு. "கடல இருக்கா அத்தான்?" என்பார். அப்பா சூடாக அள்ளிக் கொடுப்பார்.

ஸ்டேஷன் எல்லை அப்பாவுக்குச் சரியாக விளங்கவில்லை என்று நினைத்தேன். பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில் அருவி, பாலம், இரண்டு ஸ்டேஷன் எல்லாம் வரைந்து, இப்போது ஆர்டர் எதுவும் இல்லை, தைரியமாக அந்தப் பக்கம் போகலாம் என்று விளக்கினேன். அப்பா படத்தை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதைக் கூம்பாகச் சுருட்டி, கடலையை நிரப்பி, அப்போதுதான் பாலம் தாண்டி வந்த மாமாவிடம் நீட்டினார்.