பதிமூன்றால் போன ஜன்னல் சீட்டு

"ஓடிபி சொல்லுங்கக்கா" என்று சிலிண்டர் கொண்டுவந்தவர் வாசலில் நின்றார். போனில் 386386 என்று வந்திருந்தது. அதைச் சொல்வதற்குள் என் வாய் பதிமூன்றாம் வாய்ப்பாட்டுக்குப் போய்விட்டது.

சிறுவயதில் ஞாயிறுதோறும் பாப்பாரப்பட்டியிலிருந்து தர்மபுரிக்கு, மாமா வீட்டுக்குப் போவோம். பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்காக எனக்கும் அக்காவுக்கும் அடிதடி நடக்கும். அக்காவே ஒரு வழி சொன்னாள்.

"மூணு இலக்கத்துல எந்த நம்பர் வேணா நெனச்சுக்க. அதயே ரெண்டு வாட்டி சேத்து எழுது. பதிமூணால மீதியில்லாம வகுபட்டா ஜன்னல் எனக்கு."

பதிமூன்றால் எதுதான் லேசில் வகுபடும்? சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன். ஒரு வருடம் ஜன்னல் பக்கமே உட்காராமல் தர்மபுரி போய்வந்தேன்.

என் அழுகை பொறுக்காமல், கணக்கு வாத்தியாரான அப்பா தலையிட்டார். "997 எழுதுடி. பகா எண்ணு. எவனாலயும் வகுக்க முடியாது."

997997 என்று எழுதினேன். அவரே உள்ளங்கையில் பேனாவால் வகுத்தார். மீதி பூஜ்யம். முழங்கை வரை மறுபடி வகுத்தார். அப்போதும் பூஜ்யம்தான்.

"பஸ்ஸு ரொம்பக் குலுங்குதும்மா" என்றார்.

சிலிண்டரை இறக்கியபிறகுதான் எனக்கு உறைத்தது. இரண்டு முறை எழுதுவதென்றால் 1001ஆல் பெருக்குவது. அந்த 1001க்குள்ளேயே பதிமூன்று உட்கார்ந்திருக்கிறது! அக்காவுக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"இத்தன வருசம் ஆச்சா ஒனக்கு?" என்று சிரித்தாள். "சரி, பொங்கலுக்குப் போறப்ப நாலு இலக்கமா எழுது. பதிமூணு வேணாம், நூத்தி முப்பத்தேழால வகுக்கலாம்."

நியாயமாகப் பட்டது. சம்மதித்துப் போனை வைத்தேன். நாலு இலக்கமென்றால் 10001ஆல் பெருக்கவேண்டும். எதற்கும் இருக்கட்டுமென்று அதை 137ஆல் வகுத்துப் பார்த்தேன்.

சரியாக எழுபத்து மூன்று. மீதி இல்லை.