டெக்சஸ் பாலையும் கடலும்: மகளோடு ஒரு வாரக் கூடாரப் பயணம்

கூடாரத்தில் படுக்கிற வயதை நான் எப்போதோ தாண்டிவிட்டேன். நாற்பத்தொன்பது வயதில், முதுகுவலித் தைலத்தையும் எடுத்துக்கொண்டு, இருபது சொச்சம் வயதுப் பிள்ளைகள் போகிற ஒரு முகாம் பயணக் குழுவில் போய்ச் சேர்ந்ததற்கு ஒரே காரணம் என் மகள் நிவேதா. போன மார்ச் மாதம் அவளுக்குக் கல்லூரியில் வசந்த விடுமுறை. மேற்கு டெக்சஸ் பாலைவனத்தையும் தெற்கே வளைகுடாக் கடற்கரையையும் ஒரே வேனில் சுற்றிக் காட்டும் பயணம் ஒன்றைக் கண்டுபிடித்துத் தனியாகப் போவதாகச் சொன்னாள். என் மனைவி, "ஏனுங்க, நீங்களும் போங்க. புள்ளய தனியா அனுப்பிச்சுட்டு நான் இங்க வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு உக்கார முடியாது" என்று சொல்லிவிட்டாள். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

எங்கள் நிலைமையைச் சொல்லாவிட்டால் இந்தப் பயணம் உங்களுக்குப் புரியாது. நாங்கள் டல்லாஸை ஒட்டிய ரிச்சர்ட்சனில் இருக்கிறோம். நிவேதா பெருந்துறையில் பிறந்தவள். இரண்டு வயதில் இங்கே தூக்கிக்கொண்டு வந்தோம். என் வேலை விசாவை ஒட்டித்தான் அவள் விசா. கிரீன் கார்டுக்கு மனுப் போட்டு வரிசையில் நிற்கிறோம். அது நகர்கிற வேகத்தைப் பார்த்தால் என் பேரன் காலத்தில் வந்தாலும் வரும். பிள்ளைக்கு இருபத்தொரு வயது முடிந்தால் என் விசாவின் கீழ் அவளுக்கு இடமில்லை. நிவேதாவுக்கு இந்த ஆகஸ்டில் முடிகிறது. அவள் தம்பி இங்கேயே பிறந்தவன், எழுந்தாலும் அமெரிக்கன், தூங்கினாலும் அமெரிக்கன். ஒரே வீட்டில் ஒரே ரசத்தைக் குடித்து வளர்ந்த இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு சட்டம்.

அவளுக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. வெளிநாட்டு மாணவி என்று விசாவை மாற்றிக்கொண்டு இங்கேயே மேற்படிப்புப் படிக்கலாம். இல்லையென்றால் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்குப் போகலாம். அங்கே நிலவியல் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. நான் முதல் வழிக்காக வக்கீலைப் பார்த்து எல்லா ஏற்பாடும் செய்து வைத்திருந்தேன். "ட்ரிப் முடியட்டும்ப்பா, அப்புறம் சொல்றேன்" என்றாள். வாரம் முழுக்க எனக்கு மனதில் அது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. மலையைப் பற்றியும் கடலைப் பற்றியும் நான் குறைவாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பயணம் சான் அன்டோனியோவில் தொடங்கி அங்கேயே முடிகிறது. ரிச்சர்ட்சனிலிருந்து 290 மைல். காரை அங்கே நிறுத்திவிட்டுப் போகலாம். ஏழு நாளைக்கு ஒருவருக்கு 1,150 டாலர். கூடாரம், சாப்பாடு, பூங்கா நுழைவு எல்லாம் அதில் சேர்த்தி. தூக்கப்பைக்கு மட்டும் தனியாக 45 டாலர் வாடகை. பன்னிரண்டு பேர் உட்காரும் வேனில் நாங்கள் ஏழு பயணிகள்: ஒஹையோவிலிருந்து மூன்று நர்சுகள், லூகாஸ், ஹன்னா என்ற ஜெர்மன் ஜோடி, நாங்கள் இருவர். வேனை ஓட்டுவது, வழிகாட்டுவது எல்லாம் ட்ரேசி என்கிற பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். வாய் ஓயாமல் பேசினாலும் நல்ல மனுஷி.

முதல் நாள் முழுக்க வேனுக்குள்தான். பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்கு நானூறு மைல், ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பாதி வழிக்கு அப்புறம் மரம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. நிவேதா ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு, சாலையை வெட்டிய இடங்களில் தெரிந்த பாறை அடுக்குகளைப் பற்றிப் பின்சீட்டில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு வந்தாள். பேச்சு அப்படியே டெக்சஸ் பேச்சு, அந்த இழுவையோடு. மாலைக்குள் நர்சுகள் அவளுக்கு 'டெக்சஸ்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "ஏய் டெக்சஸ், அந்த மலை பேர் என்ன?" "டெக்சஸ், உப்பை இந்தப் பக்கம் தள்ளு." அவளுக்கு அது பிடித்திருந்தது. எனக்கும்தான். கொஞ்ச நேரம் ஆகஸ்ட் மாதத்தை மறந்திருந்தேன்.

முகாமில் முறை வைத்துச் சமைக்க வேண்டும். என் முறை வந்தபோது, மனைவி கட்டிக் கொடுத்த புளிக்காய்ச்சலைச் சோற்றில் கிளறிக் கொடுத்தேன். ஹன்னா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கண்ணீரோடு தண்ணீர் தேடினாள். தரையைப் பற்றி ஒரு வார்த்தை: மெத்தை என்று அவர்கள் கொடுப்பது மெத்தை இல்லை. விடியும்போது என் இடுப்பு யாருடைய இடுப்போ மாதிரி இருந்தது.

மறுநாள் சாண்டா எலெனா பள்ளத்தாக்கு. ஆயிரத்து ஐந்நூறு அடி உயரத்துக்குச் சுண்ணாம்புப் பாறை செங்குத்தாக நிற்கிறது. நடுவில் ரியோ கிராண்ட் ஆறு. ஸ்பானிஷில் 'பெரிய ஆறு' என்று அர்த்தம். பெயர்தான் பெரிது, நாங்கள் போனபோது முழங்கால் ஆழம்கூட இல்லை. இந்தக் கரை அமெரிக்கா, அந்தக் கரை மெக்சிகோ. நர்சுகளும் ஜெர்மன்காரர்களும் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு குறுக்கே நடந்துபோய், அந்தப் பக்கப் பாறையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். ட்ரேசி கண்டும் காணாமல் இருந்தாள். நிவேதாவும் செருப்பைக் கழற்றிவிட்டாள்.

"கண்ணு, நமக்கு அது வேண்டாம்" என்றேன்.

"தொட்டுட்டு வர்றதுக்கு என்னப்பா? பத்து அடி."

"பத்து அடியோ பத்து மைலோ, அது வேற நாடு. நாம வெளிய போனாத் திரும்பி வர்ற கதையே வேற. வா இந்தப் பக்கம்."

அவள் கணுக்கால் தண்ணீரில் கொஞ்ச நேரம் நின்றாள். அந்தப் பாறையில் சிப்பிகளின் தடம் இருக்கும், இது எல்லாம் ஒரு காலத்தில் கடலடி என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு வந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். லூகாஸ் அக்கரையிலிருந்து, "டெக்சஸ், வா!" என்று கத்தினான். அவள் கையை மட்டும் ஆட்டினாள்.

மூன்றாம் நாள் காலையில் பூங்காவை விட்டு வடக்கே கிளம்பினோம். பூங்காவை ஒட்டிய டெர்லிங்குவாவிலிருந்து அல்பைன் என்ற ஊர் எண்பது மைல். ஊர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் சாலையில் எல்லைக் காவலர்களின் சோதனைச்சாவடி. நாங்கள் நாட்டுக்குள்ளேயேதான் இருந்திருக்கிறோம், இருந்தாலும் வடக்கே போகிற வண்டி எல்லாம் நின்றுதான் ஆக வேண்டும். எனக்கு முன்பே தெரியும். இரண்டு பாஸ்போர்ட்டையும் இடுப்புப்பையில் கட்டிக்கொண்டுதான் இரண்டு இரவும் படுத்தேன்.

ஒரு இளம் அதிகாரி வந்தார். ட்ரேசி ஜன்னலை இறக்கி, சிரித்துக்கொண்டே, "என்னுடைய ரெண்டு ஜெர்மன்காரங்களையும் பின்னாடி இருக்கிற அந்த சாரையும் தவிர எல்லாரும் சிட்டிசன்தான்" என்றாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். என் பேச்சைக் கேட்டால் யாருக்கும் தெரியும். என் மகள் பேச்சைக் கேட்டால் யாருக்கும் தெரியாது.

அதிகாரி உள்ளே எட்டிப் பார்த்து ஒவ்வொருவராகக் கேட்டார். "சிட்டிசன்?" "யெஸ் சார்." "சிட்டிசன்?" "யெஸ் சார்." மூன்று நர்சுகளும் தாளம் தப்பாமல் சொன்னார்கள். அடுத்து நிவேதா. என் உயிர் என்னிடம் இல்லை. அந்த ஓட்டத்தில் அவள் வாயிலும் ஒரு 'யெஸ் சார்' வந்துவிட்டால்? சிட்டிசன் என்று பொய்யாக ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆயுசுக்கும் இந்த நாட்டுக் கதவு சாத்திவிடும் என்று வக்கீல் என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். என்னிடம்தான் சொன்னார். பிள்ளையிடம் இதையெல்லாம் பேசி அவள் மனதைக் கெடுக்க வேண்டாம் என்று நான் இருந்துவிட்டேன். பாஸ்போர்ட்டை எடுக்கப் பையின் ஜிப்பைத் திறந்தேன்.

"நோ சார்" என்றாள் நிவேதா. "எங்க பேப்பர்ஸ் அப்பாகிட்ட இருக்கு."

அதிகாரி அவளை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். "அப்போ விசிட்டிங்கா? எவ்வளவு நாளா?"

"பதினெட்டு வருஷமா, சார்."

அவர் பாஸ்போர்ட்டுகளைப் புரட்டினார், தாள்களைப் பார்த்தார், மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். இனிய நாளாக அமையட்டும் என்று வாழ்த்தி அனுப்பினார். அவர் செய்ததில் ஒரு குறையும் இல்லை. ஜெர்மன்காரர்கள் பாஸ்போர்ட்டை நீட்டி, "வெக்கேஷன்!" என்று சந்தோஷமாகச் சொன்னபோது அவர்கள்மேல் எனக்கு அப்படி ஒரு பொறாமை வந்தது.

கொஞ்ச தூரம் போனதும் ட்ரேசி கண்ணாடியில் பார்த்து, "மன்னிச்சுக்கோ செல்லம், நான் சும்மா அப்படியே நெனச்சுட்டேன்" என்றாள். நிவேதா பரவாயில்லை என்றாள். அதற்குப் பிறகு எல்லோரும் அவளிடம் ரொம்பக் கனிவாக நடந்துகொண்டார்கள். முன்சீட்டு கொடுத்தார்கள், காபி வாங்கிக் கொடுத்தார்கள். 'டெக்சஸ்' என்று மட்டும் யாரும் கூப்பிடவில்லை. நிவேதா, நிவேதா என்று பெயரைப் பார்த்துப் பார்த்துச் சரியாக உச்சரித்தார்கள்.

டேவிஸ் மலையில் இரண்டு இரவு தங்கினோம். அழகான இடம் என்று எல்லோரும் சொன்னார்கள், இருந்திருக்கும். மலை ஏறும்போது அவளிடம் கேட்டேன்: "ஏன் கண்ணு, அங்க அப்படித்தான் சொல்லணும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"டென்த்லயே தெரியும்ப்பா. எல்லாரும் சம்மர் ஜாப்புக்கு அப்ளை பண்ணாங்க, என் விசால வேலை பார்க்கக் கூடாதுன்னு என்னால முடியல. அப்பவே ரூல்ஸ் எல்லாம் தேடிப் படிச்சுட்டேன்."

"எங்ககிட்டச் சொல்லவே இல்லையே சாமி."

"நீங்க வொரி பண்ணுவீங்கன்னு சொல்லல."

அவளுக்குத் தெரியக் கூடாது என்று நாங்கள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசிய பேச்செல்லாம் நினைவுக்கு வந்தது. மூச்சு வாங்குகிறது என்று சொல்லி ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன்.

அங்கிருந்து கடற்கரைக்கு ஐந்நூற்றைம்பது மைலுக்கு மேல். வழியில் டெல் ரியோ பக்கம் ஒரு இரவு. ஆறாம் நாள் கார்பஸ் கிறிஸ்டி அருகே மஸ்டாங் தீவு. நீலக் கடலை எதிர்பார்த்துப் போகாதீர்கள். நாங்கள் போனபோது மூடுபனி, மண் நிறத் தண்ணீர், கரை நெடுக அழுகின கடற்பாசி. நீல நிறத்தில் பலூன் போல ஒதுங்கிக் கிடக்கும் ஜெல்லி மீன் மாதிரியான பிராணியைத் தொட்டுவிடாதீர்கள், கொட்டும். காற்றில் எங்கள் கூடாரம் இரண்டு தடவை பிடுங்கிக்கொண்டது.

கூடாரத்து ஆணிமேல் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டே அவள் சொன்னாள். "நான் பெர்த் போறேன்ப்பா."

சோதனைச்சாவடியில் நடந்ததற்காகவா என்று கேட்டேன். அதற்கு முன்பே முடிவு செய்துவிட்டதாகவும், என்னோடு ஒரு வாரம் இருந்துவிட்டுச் சொல்லலாம் என்றுதான் காத்திருந்ததாகவும் சொன்னாள். இங்கேயே படித்தாலும் படிப்பு முடிந்ததும் மறுபடி இதே கேள்விதானே என்றாள். பிறகு, "அங்க நான் வெளியூர்க்காரிதான், எனக்கு அது ஓகேப்பா. இங்க வெளியூர்க்காரியா இருக்கத்தான் முடியல" என்றாள். அடுத்த ஆணியை எடுத்துக் கொடுத்தேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். மார்ச் சரியான மாதம். மே மாதத்துக்குப் பிறகு பாலைவனம் தாங்காது. இரவுக் குளிருக்குக் கம்பளிச் சட்டை, தரைக்குச் சொந்தமாக நல்ல மெத்தை. பூங்காவுக்குள் போன் எடுக்காது என்று வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள். என் மனைவி இரண்டு நாள் சாப்பிடவில்லை. விசாவில் இருப்பவர்கள் அசல் பாஸ்போர்ட்டையும் I-94 என்கிற நுழைவுப் பதிவுத் தாளையும் கையோடு வைத்திருங்கள். வீட்டு லாக்கரில் பத்திரமாக இருப்பதால் ஒரு பயனும் இல்லை. வளர்ந்த பிள்ளைகள் இருந்தால், அவர்களிடம் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று கிளம்புவதற்கு முன் உட்கார்ந்து பேசிவிடுங்கள். அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கலாம், இருந்தாலும் பேசுங்கள்.

சான் அன்டோனியோவிலிருந்து வீட்டுக்கு அவள்தான் கார் ஓட்டினாள். வழியில் வேகோ என்ற ஊர் தாண்டும்வரை பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்தோம். பிறகு பாட்டை நிறுத்திவிட்டு, "ஒரு தடவையாவது பெர்த்துக்கு வந்து என்னப் பாப்பீங்கள்ல?" என்றாள்.

என் பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதியாகி வருஷக்கணக்கில் ஆகிறது. இங்கேயே இருக்கும்வரை வேலை ஓடும். வெளியே கால் வைத்தால் புது முத்திரை வாங்காமல் திரும்ப முடியாது. அது எப்போது கிடைக்கும், கிடைக்குமா என்று யாரும் உறுதி சொல்வதில்லை. என் அப்பா இறந்ததற்கே நான் ஊருக்குப் போகவில்லை. அது அவளுக்குத் தெரியும். அன்று என் பக்கத்தில் உட்கார்ந்து, போனில் ஈமக்காரியத்தைப் பார்த்தவள் அவள்.

"வர்றேன் சாமி. வராம எங்க போறேன்" என்றேன்.

"ஓகேப்பா" என்றாள். எனக்காக நம்பினாள்.